கற்பூரத்துக்கு என்ன தெரியும்?

வேணாங்கய்யா, உக்கார வரல. நின்னே பேசிக்கிறேன். ஒங்க சம்சாரத்துகிட்டக் காப்பி கீப்பி போட வேணாம்னு சொல்லுங்க, ஒங்க வீட்டுத் தண்ணி எந் தொண்டையில எறங்காது. நீங்க எங்கயும் போகப்படாது, அம்புட்டுதான். தெங்கேராவுல கூட்டமா? இருக்கட்டும். ஞாயித்துக்கெழம தவறாம அங்க பேசுறீங்களாமே, இன்னிக்கு ஒரு நா அவுங்க காத்துக் கெடக்கட்டும். செத்தாப் போயிடுவாங்க?

என்னய அடையாளம் தெரியலயா? எப்பிடித் தெரியும். நீங்க பெஞ்சு மேல, நாங்க தரையில. பேரு காளியம்மா. புக்கிட் ரம்பாய்க்கு அங்கிட்டு இருக்குற ரப்பருத் தோட்டம், பால்வெட்டு வேலை. ஆறு மாசம் முந்தி வந்தீங்கள்ல, தோட்டத்து ஆபீஸுல கணக்கெழுதுற சின்னக் கிராணி வீராசாமி கூட்டியாந்தாரே, பள்ளிக்கூடக் கொட்டாயில பேசுனீங்களே. ஆங், அதே தோட்டந்தான். இப்பவாச்சும் வருதா ஞாபகம்?

ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். எங்க தோட்டத்துப் புள்ள ஒண்ணு பெரியாஸ்பத்திரியில காய்ச்சலாக் கெடக்கு. ஒரு வயசுப் பய. நெஞ்சுல சளி கட்டி, மூச்ச இழுக்குறப்ப வெலா எலும்பெல்லாம் உள்ள போயிட்டு வருது. அது ஒரு பொய்ச் சத்தியத்தால வந்ததா, இல்லையா? அதச் சொல்லணும். சொல்லிட்டு எங்க வேணாப் போங்க.

சிரிக்காதீங்க. அன்னிக்கும் இப்பிடித்தான் சிரிச்சீங்க.

தத்துவம், தத்துவம்னீங்க அன்னிக்கு. அது சாமியாருக்கும் படிச்சவனுக்கும் மட்டும் இல்ல, வெட்டுக்கத்தி புடிக்கிறவனும் ஏன் எதுக்குன்னு கேக்கணும், சோறு பொங்குறவளும் கேக்கணும்னீங்க. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்படாது. எங்க மூஞ்சியப் பாத்து யாரும் அப்பிடிப் பேசுனதில்ல. அப்பறம் ஒரு துண்டு கற்பூரத்தத் தட்டுல வச்சுக் கொளுத்துனீங்க. இது என்னா, ஒரு மரத்து எண்ணெ கட்டியானது, இப்பச் சீமையில பெக்டரியிலயே செய்றான், இதுக்குக் காது இருக்கா மூக்கு இருக்கான்னீங்க. நான்தான் இந்தத் தோட்டத்துப் பெரிய தொரை, இது சத்தியம்னு சொல்லி, உள்ளங்கையால பொத்தி அணைச்சீங்க. எங் கண்ணு அவிஞ்சுதா, நாக்கு அறுந்துதான்னு நாக்க நீட்டிக் காட்டுனீங்க. கொட்டாயே சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன். அப்பறம் டீயக் குடிச்சிட்டு, பிஸ்கோத்தத் தின்னுட்டு, வாடகைக் காருல ஏறிப் போயிட்டீங்க. நாங்க அங்கயேதான் இருந்தோம்.

ஒங்களுக்கு என்னா தெரியும் எங்க பொழப்பப் பத்தி? அங்க கோர்ட்டு ஏது, வக்கீலு ஏது? எங்க லயத்து வீடுகள்ல ஒரு சண்ட சச்சரவுன்னா முனியாண்டி கோயில் வாசல்தான். கற்பூரத்தக் கொளுத்தி வைப்பாங்க. பெத்த புள்ள தலையில ஒரு கைய வச்சு, இன்னொரு கையால அணைக்கணும். அணைச்சவ சொன்னது நெசம். அணைக்க மாட்டேன்னவ குத்தவாளி. வேற வெசாரணையே கெடையாது. கங்காணி நாக்கு எந்தப் பக்கம் சாஞ்சாலும், கற்பூரத்துக்கு முன்னால அவனும் கைய கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். எங்கள மாதிரி நாதியத்த சனத்துக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுலதான் நீங்க நாக்க நீட்டுனீங்க.

இருங்க, சொல்லி முடிச்சுக்கிறேன். ஆயாக் கொட்டாயின்னு ஒண்ணு இருக்கு எங்க தோட்டத்துல. பொம்பளைங்க மரத்துக்குப் போறப்ப கைப்புள்ளைங்கள அங்க வுட்டுட்டுப் போவோம். விட்டத்துல சேலைய வரிசையாத் தொட்டிலு கட்டிப் போட்ருக்கும். மீனம்மான்னு ஒருத்திதான் ஆயா. முழுகாம இருந்தா, ஏழாம் மாசம். ஒரு நா அவ தண்ணி புடிக்கக் கொழாயடிக்குப் போயிருக்கா. அந்த நேரம் பாத்து ஒருத்தி தம் புள்ளைக்குப் பாலு குடுக்க வந்தா. புள்ள குடிச்சிட்டுத் தூங்கிப் போச்சு. வெட்டுக்கு ஓடணும், தாமசமானா வேல வாங்குற மண்டோரு வாயில விழணும். தொட்டிலு ஒண்ணும் காலி இல்ல. என்னா பண்ணுனா, கங்காணி பேத்தி கெடந்த தொட்டில்ல இருந்து அந்தப் புள்ளையத் தூக்கிப் பெஞ்சுப் பலகை மேல படுக்க வச்சுட்டு, தம் புள்ளைய அதுல போட்டுட்டா. போட்டுட்டு ஓடிட்டா. வேணும்னேவா செஞ்சா? இல்லய்யா. எல்லாப் பொம்பளையும் செய்யிறதுதான். அந்தப் பேத்தி பெரண்டு கீழ விழுந்து கை முறிஞ்சு போச்சு.

மீனம்மா திரும்பி வந்து பாத்துட்டு அலறுறா. நான் தொட்டில்லதான வுட்டுட்டுப் போனேன், யாரு எடுத்தான்னு. யாரும் எடுக்கலங்குறாங்க. அதுல கெடந்த புள்ளையோட ஆத்தாளோ, எம் புள்ள தரையிலதான் கெடந்துச்சு, ஆயாதான் மாத்திப் போட்டிருப்பான்னு சாதிச்சா. கங்காணி அவுங்க ரெண்டு பேரயும் கோயிலுக்கு வரச் சொன்னான். மொதல்ல மீனம்மாவத்தான் அணைக்கச் சொன்னாங்க. அவ கும்புட்டுட்டு ஒதுங்கிட்டா. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நெசத்துக்குக்கூட நான் சாமி நெருப்ப அணைக்க மாட்டேன், முனியாண்டிக்குத் தெரியும்னா. அம்புட்டுப் பயம் அவளுக்கு. நெசம் பேசுனவளுக்குப் பயம். அடுத்தவ போனா. அவ புள்ளைய இடுப்புல வச்சிருந்தா. அது தலையில கைய வச்சு, நான் அந்தத் தொட்டிலத் தொடவே இல்லன்னு ஒரே அமுக்கு. அணைஞ்சு போச்சு.

எப்பிடி அணைச்சான்னா கேக்குறீங்க? ஒங்க மூஞ்சி ஞாபகம் வந்துச்சாம். நீங்க நீட்டுன நாக்கு கண்ணு முன்னால வந்து நின்னுச்சாம். மரத்து எண்ணெதானன்னு நெனச்சாளாம். அதுக்கு முந்தி எங்க பரம்பரையில ஒருத்தி பொய்க்கு அத அணைச்சிருப்பாளா?

மறு நா மீனம்மாவயும் அவ புருசனயும் லயத்த வுட்டு வெரட்டிட்டாங்க. இது எப்பேர்ப்பட்ட வருசம்னு தெரியும்ல? ரப்பரு வெல விழுந்து, தோட்டந் தோட்டமா ஆள ஊருக்குக் கப்பலேத்துறானுங்க. ஏழு மாசக்காரி தகரப் பொட்டியத் தூக்கிக்கிட்டுத் தார் ரோட்டுச் சடக்குல நடந்து போனா. லயத்து வாசல்ல நின்னு எல்லாரும் பாத்தோம். மூணு மாசமாச்சு.

என்னா? மனசாட்சியா? ஓ, இப்பச் சொல்றீங்களா அத. கற்பூரத்துக்காக இல்ல, மனுசனுக்கு மனுசன் நெசமா இருக்கணும், அதுதான் தத்துவமா? அன்னிக்கு ஏன்யா சொல்லல? சொல்லத்தான் இருந்தீங்களா? அதுக்குள்ள நேரம் ஆயிருச்சா? நல்லா இருக்குய்யா ஒங்க நேரம். பாதி பாடத்தச் சொல்லிட்டு மீதிய இங்க ஒங்க பாச்சாங் வீட்டுல பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தீங்களாக்கும். பயத்த மட்டும் புடுங்கி எறிஞ்சீங்க. அது இருந்த எடத்துல என்னாத்த வச்சீங்க? ஒண்ணும் வைக்கல. தொறந்த வீடாக் கெடந்துச்சு, பொய்யி வந்து உக்காந்துக்கிச்சு.

அது சரி, உள்ளேருந்து என்னா வாசம் வருது? கற்பூரந்தான? ஒங்க சம்சாரம் ஏத்துறாங்களா? அது அவுங்க நம்பிக்கையா? ஓஹோ. ஒங்க வீட்டம்மாவுக்கு நம்பிக்கை, எங்களுக்கு மட்டும் மரத்து எண்ணெ. அவுங்க முன்னால நாக்க நீட்டிருக்கீங்களா ஒரு நாளாச்சும்? 

சரி, வுடுங்க. நான் கேட்டதுக்கு வாங்க. புள்ளைக்கு வந்த காய்ச்சலு எதனால? கிருமியா. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. மழையில நனைஞ்சா வரும், லயத்து ஈரத்துல வரும், இந்த மாசத்துல நாப்பது புள்ளைக்கு வந்திருக்கு, அதுல முப்பத்தஞ்சு பொழச்சிருக்குங்குறாரு. அப்ப அந்தச் சத்தியத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்ல. இல்லதான? எங்க, எங் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க, அன்னிக்குச் சொன்னாப்புல.

என்னா சொல்றீங்க? சம்பந்தம் இல்ல, ஆனாலும் அவ மீனம்மாகிட்ட உள்ளதச் சொல்லியாகணுமா? புள்ள பொழச்சாலும் சொல்லணும், செத்தாலும் சொல்லணுமா? கேக்க நல்லாத்தான் இருக்கு. கங்காணி அவளயும் வெரட்டுவான், அவ புருசனயும் வெரட்டுவான். ஒங்களுக்கென்ன, ஒங்க ஆபீஸு வேலையா போகப் போகுது? சாமி தண்டிக்கும்னாத்தான் சொல்ல முடியும்யா. சொன்னா புள்ள பொழைக்கும்னா ஓடிப் போயிச் சொல்லிருவா. சும்மா, ஒண்ணுத்துக்கும் இல்லாம, நெசம்ங்குறதுக்காக மட்டும் சொல்றதுன்னா எம்புட்டுக் கஷ்டம்னு ஒங்களுக்குத் தெரியுமா? நீங்க சொல்லிருக்கீங்களா அப்பிடி ஏதாச்சும்? ஒண்ணே ஒண்ணு?

நெனச்சேன்.

அவ யாருன்னு இன்னுமா கேக்குறீங்க? இம்புட்டுப் படிச்சிருக்கீங்க. நாந்தான்யா அது. எம் புள்ளதான் அங்க கெடக்குறான்.

வேணாம், தண்ணி வேணாங்குறேன்ல. நாற்காலியும் வேணாம். அழுகையெல்லாம் இல்ல. நடந்து வந்ததுல வேர்வ. நான் போறேன். ஒங்க சம்சாரமும் வெளிய வந்துட்டாங்க. அவனத் தனியா வுட்டுட்டா வந்தேன்னு கேக்குறீங்களாம்மா? இல்லம்மா, தனியா இல்ல. அதே வார்டுலதான் மீனம்மாவும் இருக்கா. நாலு நாளாச்சு, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. எம் பயலத் தூக்கிக்கிட்டு நான் உள்ள போனதும் பாத்துட்டா. பச்ச ஒடம்போட எந்திரிச்சு வந்து, ராப் பூரா அவனுக்கு விசிறிக்கிட்டு உக்காந்திருந்தா. ஒரு வார்த்த பழசப் பேசல. காலையில எம் மூஞ்சியப் பாத்து, அக்கா, நீ ஏதாச்சும் சாப்ட்டியான்னு கேட்டா. அங்க இருக்க முடியல. யாருகிட்டயாவது சண்ட போடணும் போல இருந்துச்சு, அதான் ஒங்க வீட்டுக்கு வந்தேன்.