ஒப்புக்கொள்ளாத குரலுக்கு: நோரீன் க்ளாக்ஸ்பி அம்மையாருக்கு ஹம்பர் எழுவர் படைக்கும் மடல்

ஹெஸ்ஸில் சாலை ஈன்ற இசையரசியே! ஹல் துறைமுகத்தின் அடங்காக் குரலே! ராக் இசையின் முரட்டுத்தனத்தையும் சோல் இசையின் உருக்கத்தையும் ஒரே மூச்சில் ஏந்திய பேராற்றலே! மிரட்டியவர் முன் மிரளாமலும் மயக்கியவர் முன் மயங்காமலும் ஐம்பத்தேழு ஆண்டுகள் மேடை ஆண்ட அம்மையே! வணக்கம்.

இப்படித் தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். "யாரு செத்தது, இம்புட்டுப் பூவா தூவுறீங்க?" என்பீர்கள். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவது எங்கள் முறை.

பதினைந்து வயதில் மீன் கூடத்தில் கத்தி பிடித்தவர் நீங்கள். பனிநீர்த் தொட்டியில் விரல் மரத்துப்போகும். இயந்திரங்கள் காதைப் பிளக்கும். நாற்பது பெண்கள் வரிசையாக நின்று மீனை வகிர்ந்துகொண்டிருப்பார்கள். கடைசியில் நிற்பவளுக்கும் கேட்க வேண்டுமென்று பாடிப் பாடியே வளர்ந்த குரல் இது. எந்தப் பள்ளியும் இதற்குப் பாடம் சொல்லவில்லை. ஆகவே எந்தப் பள்ளியும் இதற்கு உரிமை கொண்டாட முடியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் லாங்ஸ்டாஃப் என்ற இசைத்தட்டு நிறுவன முதலாளி உங்களை லண்டனுக்கு அழைத்தார். ஒரே பிற்பகலில் ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டீர்கள். மூன்று மாதம் கழித்து, மீன் கூடத்து உணவறைத் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு வந்தது. குரல் உங்களுடையது. வாயசைத்தவளோ பெட்டினா என்ற ஒல்லியான லண்டன் பெண். இசைத்தட்டின் உறையிலும் அவள் முகம், அவள் பெயர்.

உங்கள் தோழி ஐடாதான் முதலில் வாய் திறந்தார். "ஏய் நோரீன், அந்தப் பொண்ணு உன் தொண்டையை எங்கடி வாங்கினா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது லாங்ஸ்டாஃப் சொன்ன பதில்: "பாட்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டே. பேரு போடுறதா யாரு சொன்னது? உன் மூஞ்சியை வச்சு எவன் வாங்குவான்?"

அந்த இலையுதிர்காலத்தில் பெட்டினாவை ஊர் ஊராக அழைத்துச் சென்ற லாங்ஸ்டாஃப், எந்தத் துணிச்சலிலோ, ஹல் நகர நடன மண்டபத்துக்கும் கொண்டுவந்தார். இந்த மடலை எழுதும் ரெஜ் டன்ஸ்வெல் அன்று அந்த நடன மண்டபத்து வாத்தியக் குழுவில் பத்தொன்பது வயது டிரம்மர். எனவே இது கேள்விப்பட்ட கதையல்ல, கண்ணால் கண்டது. சனிக்கிழமை மாலை. வாத்தியக் குழுவை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். பெட்டினா வாயசைத்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மீன் கூடத்துப் பெண்கள் நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் நீங்கள். படியேறிப் போய் அந்தப் பெண்ணின் அருகில் நின்று, ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு சேர்ந்து பாடினீர்கள்.

ஒரே குரல் இரண்டாகக் கேட்டது! ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நிறுத்துங்கய்யா! அந்தத் தட்டை நிறுத்துங்க!" என்று அலறினார் லாங்ஸ்டாஃப். நிறுத்தினார்கள். பெட்டினாவின் வாய் மூடிக்கொண்டது. உங்கள் குரலோ நிற்கவில்லை. ஒலிபெருக்கி இல்லை, இசைக்கருவி இல்லை. அந்தப் பெரிய மண்டபம் முழுவதையும் அந்த ஒற்றைக் குரல் நிறைத்தது. யாருடைய பாட்டு என்று அதன்பின் ஒருவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெட்டினா அழுதாள். "நான் வேணும்னு செய்யலக்கா. என்னை ஆடத்தான் கூப்பிட்டாங்க."

"தெரியும் கண்ணு. ஆடத்தானே வந்தே? ஆடு, நான் பாடுறேன்" என்றீர்கள். ரெஜ் குச்சிகளைக் கையிலெடுத்தான். அன்றிரவே அவனுக்கு வேலை போயிற்று. அதைவிட நல்ல காரியம் அவன் வாழ்நாளில் செய்ததில்லை.

மேடையை விட்டு இறங்கியபோது லாங்ஸ்டாஃப் விரலை நீட்டினார். "இனி இந்த நாட்டுல எந்தக் கம்பெனியும் உன்னைத் தொடாது."

"தொட வேணாம். தள்ளி நின்னே கேளுங்க. நல்லாக் கேக்கும்."

அவர் சொன்னதைச் செய்தார். ஒரு நிறுவனமும் உங்களைத் தொடவில்லை. அதனால் நீங்கள் மௌனமானீர்களா? மாதம் ஒன்று முடிவதற்குள் எங்களைத் திரட்டி ஹம்பர் எழுவர் என்ற இசைக்குழுவை அமைத்தீர்கள். தொழிலாளர் மன்றங்களிலும், சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுடைய இலவசச் சமையற்கூடங்களிலும், புயலில் தள்ளாடிய ராட்டர்டாம் செல்லும் கப்பலிலும் பாடினீர்கள். கப்பலில் எங்கள் அகஸ்டஸ் சாக்ஸபோனை விட்டுவிட்டுக் குமட்டலோடு வாளியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவருடைய பகுதியையும் நீங்களே வாயால் பாடி முடித்தீர்கள்! இடுப்பு அறுவைக்குப் பிறகு மருத்துவர் சொல்லி நாங்கள் போட்ட நாற்காலியின் மேல் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றே பாடினீர்கள்.

கோபம் வந்தால் எங்களையும் விட்டுவைக்கவில்லை. சுருதி பிசகிய கிளைவைப் பாதி வழியில் வேனிலிருந்து இறக்கிவிட்டீர்கள். இரண்டு மைல் போனதும், "அவனுக்கு வாங்கின உருளைக்கிழங்கு பேட்டியும் சிப்ஸும் ஆறிடும், திருப்புடா வண்டியை" என்று அவனைத் திரும்ப ஏற்றிக்கொண்டதும் நீங்கள்தான்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் லாங்ஸ்டாஃபின் நிறுவனத்தை வாங்கியவர்கள் ஒரு தாளுடன் வந்தார்கள். பழைய இசைத்தட்டை உங்கள் பெயரோடு மீண்டும் வெளியிடுவார்களாம். அன்று நடந்தது உங்கள் சம்மதத்தோடுதான் நடந்தது என்று ஒரு கையெழுத்து மட்டும் வேண்டுமாம். நாங்கள் எல்லோரும் போடச் சொன்னோம். இன்று வெட்கத்தோடு அதை ஒப்புக்கொள்கிறோம்.

"சம்மதிச்சேன்னு எழுதச் சொல்றாங்க. நான் சம்மதிக்கலையே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்த இசைத்தட்டில் இன்றும் உங்கள் பெயர் இல்லை. அதற்காக நாங்கள் தலைகுனியவில்லை. தலைநிமிர்ந்தே சொல்கிறோம்.

சென்ற மாதம் பிரிட்லிங்டன் கடற்கரை விழாவில் உங்களை அறிமுகம் செய்த இளைஞர், "மறக்கப்பட்ட பாடகி" என்றார். ஒலிவாங்கியை வாங்கினீர்கள். "எவன்யா மறந்தது? இங்க உக்காந்திருக்கவங்களைக் கேளு, எந்தச் சனிக்கிழமை எந்தப் பாட்டுன்னு சொல்லுவாங்க." அரங்கம் எழுந்து நின்றது. எழுபத்தேழு வயதில் அன்று நீங்கள் எட்டிய உச்சத்தைத் தொட, உங்கள் வயதில் பாதியே ஆனோர் ஏணி தேட வேண்டும்!

திரும்பும் வழியில்தான் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னீர்கள். ரெஜ்தான் கேட்டான். "குரல் நல்லாத்தானே இருக்கு நோரீன்? இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமே?"

"நல்லா இருக்கும்போதுதான்டா நிறுத்தணும். எவனாவது வந்து போதும்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா?"

அம்மையே! நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று வாழ்த்துவது வழக்கம். உங்களுக்கு ஒருவர் ஆணையிட்டு எதுவும் நடந்ததில்லை. ஆகவே இதை வேண்டுகோளாகவே வைக்கிறோம். காலை எழுந்ததும் பாடத் தோன்றினால் தெருவே விழிக்கப் பாடுங்கள். தோன்றாவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டும் உங்கள் விருப்பம்.

என்றும் உங்கள்,
ரெஜ் டன்ஸ்வெல், அகஸ்டஸ் ப்ரௌட்ஃபுட், கிளைவ் ஸ்கெல்டன்,
ஹம்பர் எழுவரின் மற்றோர், வேனோட்டி உட்பட
ஹல்