ஆறு புள்ளி எட்டு

— இன்னா சிஸ்டர் நீங்க! நான் இத்தினி ஆக்கிப் போட்டும் ரத்தம் இல்லன்னா, அந்தச் சீட்டுதான் பொய் சொல்லுது. இவ மொகத்தப் பாருங்க, எப்டி மினுமினுன்னு கீதுன்னு.

— மொகத்தப் பாத்து நம்பர் எழுத முடியாது பாஞ்சாலி. மூணு மாசமா மூணு கேம்ப். மொதல்ல ஏழு புள்ளி மூணு. அப்புறம் ஏழு. போன செவ்வாக்கெழம ஆறு புள்ளி எட்டு. மாசமா இருக்கற பொண்ணுக்கு ரத்த அளவு கொறஞ்சது பதினொண்ணு இருக்கணும். ஏழாம் மாசத்துல எறங்கிட்டே போனா நான் எப்படி சும்மா இருக்கறது? அதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வண்டியோட வந்துட்டேன். சுவேதா, மூட்ட கட்டியாச்சா?

— அக்கா, நான் போவல. ரத்தம் ஏத்தறேன்னு ஊசி குத்துவாங்க. ஊசின்னாலே எனக்கு உசுரு போயிடும். சொல்லேன் அக்கா!

— நீ கம்முனு இரு. உன் ஓரகத்தி நான் இருக்கறப்ப இன்னா பயம்? கேட்டுக்குங்க சிஸ்டர். காலைல கேவுரு களி, முருங்கக்கீர கொழம்பு. பத்து மணிக்கு வேர்க்கடலையும் வெல்லமும் இடிச்ச உருண்ட ரெண்டு. மத்தியானம் சாமச்சோறு, கொள்ளுக் கடைசல், கருவாடு. ராத்திரிக்கும் கீரதான். ஞாயித்துக்கெழம ஜமுனாமரத்தூர் சந்தையில ஆட்டு ஈரல் கால் கிலோ. நீங்க எழுதிக் குடுத்தத விட நான் ஒருபடி மேல!

— சரி, களியத் தின்ன கையோட டீ குடிக்கிறாளா? டீ உள்ள போனா, சாப்பாட்டுல இருக்கற இரும்புச் சத்து ஒடம்புல ஒட்டாதுன்னு சொன்னேனே.

— டீ கிளாஸ அவ கண்ணுல கூட காட்டறதில்ல. காட்டு நெல்லிக்காய உப்புல ஊறப் போட்டு வெச்சிக்கிறேன். சோத்தோட அதான். உங்க மாத்திரையும் அந்தத் தண்ணியிலதான் முழுங்கறா. கடைசி வாய் உள்ள போறவரைக்கும் நான் எதுர்லயே குந்திக்கினு இருப்பேன்.

— ஆமா சிஸ்டர். போலீஸு மாதிரி குந்திக்கும்.

— இவ்ளோ பண்ணியும் ஏறலன்னா வேற ஏதோ கோளாறு. டாக்டர் பாத்தே ஆவணும். ஆமா பாஞ்சாலி, வாயில இன்னா மென்னுக்கிட்டே இருக்கீங்க?

— பச்சரிசி. சும்மா, வாய்க்கு நல்லா இருக்கும்.

— எத்தன நாளா?

— அது கெடக்குது வுடுங்க. வண்டிக்காரன் ஆரன் அடிக்கிறான் பாருங்க. தூக்குல ஈரல் வறுத்து வெச்சிக்கிறேன். போற வழியில இவளுக்கு ஊட்டுங்க.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு. மேல அனுப்பற பேப்பர்ல இன்னிய நம்பர எழுதணும். மெஷின் பையிலயே இருக்கு. சுவேதா, விரல நீட்டு.

— அய்யோ, வேணாம் சிஸ்டர்!

— எதுக்கு சிஸ்டர் அவள? வேணும்னா என் விரல்ல குத்துங்க.

— நல்ல கதையா இருக்கே! கர்ப்பிணி அவ, குத்தறது உங்களையா? அவ கையப் புடிங்க. கண்ண மூடிக்கோ சுவேதா. ஒண்ணு, ரெண்டு... முடிஞ்சிது.

— முடிஞ்சிதா? இவ்ளோதானா? எறும்பு கடிச்சாப்லதான் கீது! இதுக்கா நான் பயந்து செத்தேன்?

— இன்னாடி, மொத மொத குத்திக்கற மாதிரி பேசற? இரு, நம்பர் வருது. பதினொண்ணு புள்ளி நாலு.

— ஆங்! நான் சொன்னேன்ல? எங் கையால ஆக்கிப் போட்டது வீண் போவுமா? மூட்டையப் பிரிடி!

— இருங்க பாஞ்சாலி. ஒரே வாரத்துல ஆறு எட்டுலருந்து பதினொண்ணு நாலுக்கு ஏறவே ஏறாது. மெஷின் தப்பா காட்டுதா பாக்கறேன். எனக்கே குத்திக்கறேன். போன வாரம் லேப்ல எனக்குப் பன்னெண்டு. இப்போ... பன்னெண்டு புள்ளி ஒண்ணு. மெஷின் சரியாத்தான் இருக்கு. அப்போ கேம்ப்ல எடுத்தது யாரோட ரத்தம்?

— அது வந்து சிஸ்டர்...

— வாய மூடு சுவேதா.

— மூட முடியாது அக்கா. நான் கேம்ப்ல விரலையே நீட்டல சிஸ்டர். மொத தடவையே வரிசையில நின்னு அழுதேன். பேரு கூப்டறப்போ அக்கா முக்காட இழுத்துக்கினு போயி குந்திக்கிச்சி. ரத்தம் எடுக்கற பொண்ணு சீட்ட ஒண்டிதான் பாத்தா. மூணு தடவையும் அப்டித்தான்.

— பாஞ்சாலி! நான் பக்கத்து மேசையில பிரஷர் பாத்துட்டு இருந்தேனே! இது வெளையாட்டா?

— வெளையாட்டு இல்ல சிஸ்டர். நான் புளி மூட்டய தூக்கிக்கினு மேடு ஏர்றவ. எம் ரத்தம் கெட்டியா இருக்கும், இவளுக்கு நல்ல நம்பர் வாங்கித் தந்துடலாம்னு போனேன். ஏழுன்னு சொன்னாங்களா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எனக்கே ஏழுன்னா, இந்த நோஞ்சானுக்கு இன்னா இருக்கும்? மூணோ நாலோ! அன்னிலருந்துதான் என் பங்கையும் சேத்து அவ தட்டுல போட்டேன்.

— அய்யோ அக்கா! அந்த ஈரலு பூரா எனக்கேவா?

— கால் கிலோவுல ரெண்டு பேருக்கு இன்னாத்த பங்கு போடறது?

— அப்போ நீங்க இன்னா சாப்டீங்க பாஞ்சாலி?

— எனக்கு இன்னா, டீ போதும். சட்டியில ஒட்டிக்கினு இருக்கறத வழிச்சிப் போட்டுப்பேன். பசிச்சா ஒரு புடி அரிசி.

— அந்த அரிசிதான் உங்கள காட்டிக் குடுக்குது. ரத்தம் இல்லாதவங்களுக்குத்தான் இப்டி அரிசி, மண்ணுன்னு மெல்லத் தோணும். மேடு ஏறினா மூச்சு வாங்குதா?

— வெயிலுக்கு யாருக்குத்தான் வாங்காது?

— பொய் சொல்லாத அக்கா. முந்தாநேத்து கெணத்தாண்ட கண்ண இருட்டிக்கினு வந்து குந்திட்டியே.

— கைய நீட்டுங்க. இந்தத் தடவ உங்க பேர்லயே எழுதறேன்... ஆறு புள்ளி ஆறு.

— ஒரு தடவ நல்லா துன்னா சரியாப் பூடும் சிஸ்டர்.

— சாப்பாடு வேணும்தான். ஆனா இந்த நம்பருக்கு சாப்பாடு ஒண்டி பத்தாது. எதனால கொறையுதுன்னு டாக்டர் பாக்கணும், தேவைப்பட்டா ரத்தம் ஏத்தணும். தேறிடுவீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. வெளிய வண்டி நிக்குது. ஏறுங்க.

— நானா? நான் போயிட்டா இவளுக்கு யாரு ஆக்கறது? எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனாரும் காபித் தோட்டத்து வேலைக்குப் போயி ஒரு மாசம் ஆவுது.

— நான் ஆக்கிப்பேன். மூணு மாசமா எதுர்ல குந்திக்கினு சொன்னியே, எல்லாம் மனப்பாடம். பக்கத்து வூட்டு சம்பூர்ணம் அக்காவ தொணைக்குக் கூப்டுக்கறேன். எனக்கு பயமா கீது அக்கா, ஊசிக்கு இல்ல, உனக்கு. நீ போ.

— மாத்துப் பொடவ கூட எடுத்து வெக்கல, எப்டிடி போறது?

— நீ பேசிக்கினு இருந்தப்பவே மூட்டய பிரிச்சிட்டேன். எம் பொடவய எடுத்துட்டு உம் பொடவய வெச்சிட்டேன். சிஸ்டர், அந்த ஈரல் தூக்குச் சட்டிய ஒண்டி அக்கா மடியிலயே வைங்க, கடைசி வாய் உள்ள போறவரைக்கும் எதுர்லயே குந்திக்குங்க.