வெள்ளைத்துரையின் காதில் பேசியவன்

இந்த அறையின் ஃபேனில் பேரிங் தேய்ந்திருக்கிறது, மேடம். இன்னும் ஒரு மாதம் ஓடும், பிறகு நின்றுவிடும். இருபத்திரண்டு வருடம் சவுண்டு வேலை பார்த்தவன் நான். ஒரு சத்தம் பிசகினால் சும்மா உட்கார முடிவதில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முழுதாகவே சொல்கிறேன்.

'பதினோரு மணி வெயில்' பேண்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசலில் நிற்கிற கான்ஸ்டபிளின் ரிங்டோன்கூட எங்கள் பாட்டுதான். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில், தகரக் கொட்டகைக்குள் ஆரம்பித்தது அது. ஆரம்பித்தவன் மலையாண்டி, டிரம்ஸ் அடிப்பான். அவன் தம்பி வெள்ளைத்துரை பாடுவான். ராம்கி கிட்டார். மேடைக்குப் பக்கவாட்டில், யார் கண்ணிலும் படாத இடத்தில் சவுண்டு மிக்ஸரோடு உட்கார்ந்திருப்பவன் பாண்டிராஜ், அதாவது நான். மலையாண்டியும் நானும் வாடிப்பட்டியில் ஒரே தெரு. மைக்செட் வாடகைக்கு விட்ட காலத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். எங்கள் இரண்டு பேர் குரலும் ஏறக்குறைய ஒன்றுதான். போனில் நான் பேசினால் அவன் அம்மாவே ஏமாந்துவிடும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல் ரோட்டில் மலையாண்டி பைக்கோடு லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வெள்ளைத்துரை நிலைகொள்ளவில்லை. குடித்தான். கோயம்புத்தூரில் மூன்றாவது பாட்டோடு இறங்கிப் போனான். ஓசூரில் மேடைக்கே வரவில்லை. தேடிப்போனால் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஜனங்களுக்கு அதுவும் பிடித்திருந்தது. அழுததை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அடுத்த கச்சேரிக்குக் கூட்டம் இரண்டு மடங்கு.

ஒன்றை விளக்கிவிடுகிறேன். மேடையில் பாடுகிறவன் இரண்டு காதிலும் சின்ன இயர்பீஸ் மாட்டியிருப்பான். தன் குரலும் தாளமும் அவனுக்கு அதில்தான் கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே போகாது. என் மேசையில் ஒரு மைக் உண்டு. பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் அவன் காதுக்கு மட்டும் போகும். பேட்டரி குறைகிறது, நேரமாகிறது என்று சொல்வதற்காக வைத்தது.

வெள்ளைத்துரை கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவன். திருச்சியில் ஒரு நாள் போதையில் பாடிக்கொண்டே மேடை விளிம்புக்குப் போய்விட்டான். இன்னும் ஓர் எட்டு வைத்தால் கீழே. நான் பட்டனை அமுக்கி, "சின்னவனே, நில்றா" என்றேன். அவனைச் சின்னவனே என்று கூப்பிடுகிறவன் மலையாண்டி ஒருத்தன்தான். எனக்கு ஏன் அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. பத்து வருடம் காதில் விழுந்த வார்த்தை, வந்துவிட்டது.

நின்றான். நின்ற இடத்திலேயே அந்தப் பாட்டைப் பாடி முடித்தான். அவன் அப்படிப் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பாண்டிண்ணே, யார்ட்டயும் சொல்லிறாதீங்க. பெரியவன் பேசுனான். காதுக்குள்ள பேசுனான்." மலையாண்டியை அவன் பெரியவன் என்றுதான் சொல்வான். அது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பரோட்டா பார்சல் வந்துவிட்டது.

அடுத்த கச்சேரியில் மைக் முன்னால் வந்து நின்றவன், பாடாமல் காத்திருந்தான். எட்டாயிரம் பேர் கத்துகிறார்கள், இவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறான். எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "பாடுடா சின்னவனே" என்றேன். பாடினான்.

பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். குடிக்காதே என்றேன், நிறுத்தினான். வீட்டுக்குப் போய் வேளாவேளைக்குச் சாப்பிடு என்றேன், சாப்பிட்டான். அவன் மனைவி தமிழ்வாணி பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "என்ன மாயம் பண்ணுனீங்கண்ணே, பழைய ஆளாத் திரும்பிட்டாரு" என்று என்னிடம் கண்கலங்கினாள். நீங்கள் எழுதுகிற காகிதத்தில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

ஒருவனைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தால் பாதியில் விட முடியாது. ராம்கி புது மெட்டு ஒன்று கொண்டுவந்தான். வேகமான பாட்டு, வெள்ளைத்துரையின் தொண்டைக்கு ஆகாது. சவுண்டுக்காரன் சொன்னால் யார் கேட்பார்கள். அதனால் மலையாண்டி சொன்னான். அந்தப் பாட்டு நின்றது, அதற்கடுத்த பாட்டும் நின்றது, மூன்று மாதத்தில் ராம்கியே நின்றுவிட்டான். சென்னையில் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். மலையாண்டி வேண்டாம் என்றான். அங்கே ஸ்டூடியோவில் வேறு ஆட்கள் இருப்பார்கள், இவன் காதுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.

தமிழ்வாணியிடம் வெள்ளைத்துரை ஒரு நாள் விஷயத்தைச் சொல்லிவிட்டான். செத்த அண்ணன் பேசுகிறான் என்றால் எந்தப் பெண்ணும் பயப்படத்தான் செய்வாள். மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள், போனேன். டாக்டர் கெட்டிக்காரர். "குரல் எங்கெல்லாம் கேக்குது? மேடையில மட்டுமா?" என்று கேட்டார். வெள்ளைத்துரை, "மேடையில மட்டுந்தான் சார்" என்றான். அந்தக் கேள்வி போகிற திசை எனக்குப் பிடிக்கவில்லை. "இல்ல டாக்டர். வேன்லயும் தனியாப் பேசிக்கிட்டு வர்றாப்ல. அவருக்கே தெரியிறதில்ல" என்றேன்.

வெள்ளைத்துரை என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்படியாண்ணே?" என்றான். "ஆமா மாப்ள" என்றேன். நம்பினான்.

மாத்திரை கொடுத்தார்கள். நாக்குத் தடித்துப் போனது, கை நடுக்கம் வந்தது, பகலிலும் தூங்கினான். பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் காதில் டிரம்ஸ் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்தேன்.

இனி பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். வாடிப்பட்டி ரோட்டில் ஒரு தனியார் மைதானம். காலையிலேயே போய் மேடையைப் பார்த்தோம். பின்பக்கம் வரவேண்டிய திரை வந்துசேரவில்லை. மேடையின் முதுகு திறந்து கிடந்தது, பன்னிரண்டு அடிப் பள்ளம், கீழே இரும்புக் குழாய்களைப் போட்டுவைத்திருந்தார்கள். ஆள் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று அங்கே கயிறு கட்டச் சொன்னது நான்தான்.

மதியம் சாப்பிடும்போது வெள்ளைத்துரை எனக்கு எதிரில் உட்கார்ந்தான். வெகுநாளைக்குப் பிறகு முகம் தெளிவாக இருந்தது. "பாண்டிண்ணே, பெரியவனப் போகச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"ஏன்டா?"

"எம்புட்டு நாளைக்கு அவன் கையவே பிடிச்சிக்கிட்டு நடக்குறது. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. இன்னைக்கு ஒழுங்கா வழியனுப்பிட்டு ஒரு வருசம் வீட்ல இருக்கப்போறேன். வாணியும் பாவம்ண்ணே." பிறகு எனக்குச் சாம்பார் ஊற்றினான். "நீங்களும் எனக்காக அலைஞ்சது போதும். வேற பேண்டுக்குப் போங்க. நானே சொல்லிவிடுறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். நானும் சரி என்றேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அந்தக் கயிற்றை அவிழ்த்தேன். கேபிள் இழுக்க இடைஞ்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு மைக் டெஸ்ட். மற்றவர்கள் நிழல் தேடிப் போயிருந்தார்கள். அவன் மேடை நடுவில் நின்று, இயர்பீஸை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினான். "பெரியவனே, இருக்கியா?"

"இருக்கேன்டா."

"நீ போயிரு. நான் இருந்துக்கிறேன்."

எனக்கு அதைக் கேட்டு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவனை ஒரே வார்த்தையில் போ என்கிறான். "போறேன்டா. போறதுக்கு முன்னால ஒருவாட்டி கிட்ட வா" என்றேன்.

"எங்க இருக்க?"

"பின்னால. திரும்பாத, அப்படியே வா."

மேடையில் அவன் என் பேச்சை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பின்னால் நடந்தான். நடுவில் ஒருமுறை நின்று, "இன்னுமா?" என்றான். "இன்னும் ரெண்டு எட்டு" என்றேன். கணக்கு சரியாக இருந்தது.

நான் அவனைத் தொடவில்லை, மேடம். எங்களுக்கு நடுவில் இருபது அடி தூரம். ஒரு கால் உடையும், ஆறு மாதம் படுப்பான், படுத்திருப்பவன் யாரையும் போகச் சொல்ல மாட்டான் என்றுதான் நினைத்தேன். முதுகுத்தண்டு போகும் என்று எதிர்பார்க்கவில்லை. முதலில் ஓடிப்போய்த் தூக்கியதும் நான்தான். கழுத்தை அசைக்காமல் தூக்கினேன். ஆஸ்பத்திரி டாக்டர் அதைப் பாராட்டினார்.

இடுப்புக்குக் கீழே அவனுக்கு இப்போது உணர்ச்சி இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "அந்த இயர்பீஸ் கெடைக்குமாண்ணே, சும்மா காதுல போட்டுக்கிறேன்" என்றான். கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வீட்டுக்குப் போவேன். முன்னறையில் உட்கார்ந்து சின்ன மைக்கில் பேசுவேன், உள்ளே அவன் கேட்பான். தமிழ்வாணி அந்த நேரம் டியூஷன் எடுத்துக்கொண்டிருப்பாள். அவள் வந்து பார்க்கும்போது அவன் இட்லி கேட்பான், சிரிப்பான். மறுபடியும் எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது.

முந்தாநாள் டியூஷன் இல்லை, அது எனக்குத் தெரியாது. அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் இயர்பீஸைக் கழற்றியிருக்கிறாள். உள்ளே ஏதோ சத்தம் வந்ததால் தன் காதில் வைத்துப் பார்த்திருக்கிறாள். "சின்னவனே, மாத்திரை போட்டியா?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். "இம்புட்டு நாளும் நீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "மேடையிலயும் நாந்தான்."

அவள் கத்தவில்லை. என் செருப்பை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். பிறகு உங்களுக்குப் போன் செய்தாள்.

கயிற்றை அவிழ்த்தது நான், கூப்பிட்டது நான், எத்தனை எட்டு என்று கணக்குச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். மணி ஐந்தே முக்கால் ஆகிறது. அவனிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். ஆறு மணிக்கு உங்கள் போனைக் கொஞ்சம் கொடுத்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தந்துவிடுவேன். அவன் அண்ணன் இன்னொரு தடவை செத்துப்போவதை அவனால் தாங்க முடியாது, மேடம். அவனுக்கு அப்படி ஒரு கெடுதல் செய்ய எனக்கு மனசு வராது.