ஷுக்ரி குடித்த அதிமதுரத் தண்ணி

...அட, நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விட்டாத்தானே கண்ணு! தட்டுல கை வைக்கறதுக்குள்ள ஃபோனை நீட்டிடறார் எங்க வீட்டுக்காரர், ஷுக்ரி. டப்பாவுக்குப் பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்குல்ல, அதைப் படம் புடிச்சு அந்த ஏஐகிட்டக் கேக்கறது. 'இன்ஸாஃப், இந்த ஹல்வாவுல இது இருக்காம்... அது இருக்காம்...' பழக்கிவிட்டது யாரு? எம் மக ரபாப். அவ பாட்டுக்குப் புருஷன் வீட்டுக்குப் போயிட்டா. அனுபவிக்கறது நான்!

கொஞ்சம் தள்ளி உக்காரு, டிராம் ஜன்னல் வெயில் மூஞ்சில அடிக்குது... ஆங். நாத்தனார் விருந்துக்கு வந்தா. ஆசையா ஜெல்லி பண்ணி வச்சேன். ஒரு வாய்தான் போட்டா, இவர் சொல்றார், 'இந்தச் செவப்பு, பூச்சியை அரைச்சு எடுக்கறதாம்!' அவ்வளவுதான்... என் புது மேஜை விரிப்பு போச்சு! சிரிக்காதே, நீ சிரிச்சா எனக்கும் வருது.

இவருக்கு பிரஷர். மாத்திரை மேல மாத்திரை டாக்டர் கூட்டிக்கிட்டே போறார், எறங்குவேனாங்குது. ஒரு நாள் மாடிப்படியில அப்படியே உக்காந்துட்டார். கால்ல வலுவே இல்லை. அழுதார் கண்ணு... அவ்வளவு பெரிய மனுஷன்.

சரி, அதை விடு. மாத்திரை அட்டையெல்லாம் படம் புடிச்சு அதுகிட்டக் கேட்டார். அது விடுமா? 'வேற என்ன தினமும் குடிக்கறீங்க'ன்னு போலீஸ் மாதிரி துருவுது. அதிமதுரத் தண்ணின்னார். தினம் ஒரு ஜாடி! நானே ஊற வச்சு, வடிகட்டி, ஜில்லுனு... அலெக்ஸாண்ட்ரியா முழுக்கத் தேடினாலும் அந்த ருசி கிடைக்காது. ஒடனே அது சொல்லுது, அதிமதுரம் பிரஷரை ஏத்துமாம், ஒடம்புல இருக்கற பொட்டாசியத்தை எறக்கிடுமாம், இவர் போடற நீர் மாத்திரையோட சேர்ந்தா இன்னும் மோசமாம். குடிக்கறதை நிறுத்து, இன்னிக்கே டாக்டரைப் பாருங்குது.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நாக்கே இல்லாத சாமான், என் கைப்பக்குவத்தைக் குத்தம் சொல்றதா? 'வாங்க, டாக்டர் வாயாலயே கேப்போம்'னு இழுத்துக்கிட்டுப் போனேன். விழுந்து விழுந்து சிரிப்பார்னு நெனச்சேன்.

சிரிக்கலை. ரத்தம் எடுத்துப் பார்த்தார், அன்னிக்கே ஆஸ்பத்திரியில படுக்க வச்சுட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயமே நின்னிருக்கலாமாம்...

இப்ப, அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கார். ரொம்ப நல்லா இருக்கார், அதுதானே தொல்லை! மாத்திரை கொறைஞ்சாச்சு, ஃபோனைத் தூக்கிக்கிட்டு டப்பா டப்பாவா ஊர்வலம் போறது கூடிப்போச்சு. பக்கத்து வீட்டு ஊறுகாய் பாட்டிலைக்கூட விடறதில்லை. நானாச்சும் குடிக்கறேனேன்னா, ஜாடி ஜாடியா யாருக்குமே ஆகாதாம். அதுவும் அந்த ஃபோன் சொன்னதுதான்...

அட, எங்க எழுந்திரிச்சிட்டே? ரம்ல் ஸ்டேஷன்ல எறங்கணும்னுதானே சொன்னே, இது கிளியோபாத்ரா ஸ்டாப்! ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு? யாரு... உங்கம்மாவா? பிரஷர் மாத்திரையா? இதே தண்ணி, தினமுமா? ஃபோனை எடுக்கலையா? யா ரப்பி... அப்ப ஏன் நிக்கறே, எறங்கு எறங்கு, வீட்டுக்குத் திரும்பி ஓடு! டிரைவர் தம்பி, கதவை மூடாதே, பொண்ணு எறங்கணும்!

கண்ணு... இங்க பாரு! ஃபோன் சொல்லுச்சுன்னு சொல்லிடாதே, கேக்க மாட்டாங்க! டிராம்ல ஒரு பொம்பளை சொன்னான்னு சொல்லு!