என் வலைப்பூவில் நான் எழுதாத பக்கம்

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவை இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் குறித்துள்ளபடி சரியே. வயது 46. மேற்படி விலாசத்தில் இரண்டாம் மாடியில் கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன்.

சிறுநீரகம் பழுதானவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், காய்கறியை எப்படி வேகவைத்து நீரை வடிக்க வேண்டும், ஊசி போடும் கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நோயாளிகள் திரும்பத் திரும்பக் கேட்பதால், ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வலைப்பூ தொடங்கி வாரம் ஒரு பக்கம் எழுதி வந்தேன். யார் எழுதுவது என்று தெரிந்தால்தான் நம்புவார்கள் என்பதால் சீருடையில் எடுத்த என் படத்தை மேலே போட்டிருந்தேன்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று அழைப்பவர், என் வலைப்பூவைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ பேர் படிக்கிறாங்க, பாக்க நோட்டீஸ் மாதிரி இருக்கே” என்று சொல்லி, தனக்குத் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இணையதளம் செய்து தருபவர். எந்த வேலையானாலும் முடியாது என்று சொல்லமாட்டார் என்பதால் அவரை ஆல்-இன்-ஆல் என்று கூப்பிடுவார்கள். அவர் என் பக்கங்களை எல்லாம் ஒரு பெரிய மென்பொருளுக்கு மாற்றினார். அதில் நுழைவுப் பக்கம், கருத்துப் பெட்டி, தானாக நகரும் படங்கள், உறுப்பினர் பதிவு என்று பல இருந்தன. அதன் பிறகு நான் அவரிடம், “நான் எழுதுறேன், அவங்க படிக்கிறாங்க, அவ்வளவுதானே. இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டேன். “எல்லாம் இருந்தாத்தான் மேடம் சைட்டு” என்றார்.

அதன் பிறகு நான் எழுத உள்ளே போகும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டியவை என்று சிவப்பு வட்டத்தில் ஓர் எண் காட்டும். முதலில் மூன்று, பிறகு பதினொன்று, பிறகு நாற்பதுக்கு மேல். ஆல்-இன்-ஆலுக்குப் போன் செய்து கேட்டதற்கு, “அதைத் தொடாதீங்க மேடம், தொட்டா டிசைன் உடைஞ்சிடும்” என்றார். நான் தொடவில்லை. மருத்துவமனையில் ஓர் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் நோயாளியை அதில் ஏற்றமாட்டேன். இங்கே பதினான்கு மாதம் பார்த்துக்கொண்டு இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவுக்கு வாரம் மூன்று நாள் வரும் நோயாளிகளில் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் உண்டு. வயது 63. டிரைவர் அண்ணன் என்போம். நான்கு ஆண்டுகளாக அவருக்கு ஊசி போட்டது பெரும்பாலும் நான்தான். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. போன் செய்தபோது எடுக்கவில்லை. திங்கள் காலை அவருடைய மகள் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் இருந்தது, படுக்க வைத்தால் மூச்சு முட்டியது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. உடனே டயாலிசிஸ் செய்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம்.

அதன் பிறகு வராண்டாவில் நின்ற மகளிடம் ஏன் அழைத்து வரவில்லை என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். அதில் என் வலைப்பூ இருந்தது. என் படத்துக்குக் கீழே, “இனி டயாலிசிஸ் வேண்டாம்” என்ற தலைப்பில், ஒரு பொடியைப் பத்து நாள் சாப்பிட்டால் சிறுநீரகம் தானாகச் சுத்தமாகும் என்றும், அந்த நாட்களில் இயந்திரத்தில் ஏறக்கூடாது என்றும் எழுதி, பொடி வாங்கும் பொத்தானும் இருந்தது. “நம்ம சிஸ்டரே எழுதியிருக்காங்க, அப்புறம் என்னன்னு அப்பா சொன்னாரு” என்றார் மகள்.

நான் அதை எழுதவில்லை. என் போனில் தேடியபோது அந்தப் பக்கமே இல்லை. தேடுபொறி வழியாக வருபவர்களுக்கு மட்டும் அது தெரியும்படியும், தளத்தின் சொந்தக்காரராக உள்ளே நுழைந்தவருக்குத் தெரியாதபடியும் யாரோ திருட்டுத்தனமாகப் புகுந்து வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அத்தானுடன் ஆல்-இன்-ஆலின் கடைக்குப் போனேன். அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய நகம் விசைப்பலகை மேல் கிடந்தது, அதை ஊதிவிட்டு என் தளத்தைத் திறந்தார். மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் ப்ளக்-இன் என்ற துணைச் செருகல்கள் முப்பத்தெட்டு இருந்தன. எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு. வடிவமைப்பு, எங்கிருந்தோ இறக்கிய திருட்டுப் பிரதி. நிர்வாகி என்று என்னைத் தவிர நான்கு பெயர்கள் இருந்தன, எல்லாம் அவருக்கே தெரியாதவை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் எழுதியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்து ஒரு பல் மருத்துவருடைய தளத்தையும் ஒரு பள்ளியின் தளத்தையும் என் போனில் தேடிப் பார்த்தேன். அதே பொடி இருந்தது. பள்ளித் தளத்தில் தலைமையாசிரியை படத்துக்குக் கீழே இருந்தது.

“இது எல்லா சைட்டுலயும் வர்றதுதான் மேடம், ஜலதோஷம் மாதிரி” என்றார். ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று சொன்னேன். “எதையோ படிச்சுட்டு பொடியைச் சாப்பிட்டா நான் என்ன பண்ண” என்று சொல்லிவிட்டு அடுத்த விரலை வெட்ட ஆரம்பித்தார். அத்தான் என்னிடம், “விடும்மா, பெருசு பண்ணாத, நம்ம ஆளு” என்றார். நான் அவருடைய மவுஸைப் பிடித்து நிர்வாகிகள் பட்டியலுக்குப் போய், நான்கு பெயர்களையும் என் போனில் படமெடுத்தேன். மவுஸ் பிசுபிசுத்தது. படி இறங்கியதும் கைப்பையிலிருந்த கிருமிநாசினியை எடுத்து முழங்கை வரை தேய்த்துக்கொண்டேன். அத்தானின் வண்டியில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு அவருடன் பேசுவதில்லை.

இப்போது வேறு வலைப்பூ நடத்துகிறீர்களே என்று கேட்டதற்குச் சொல்வது: எங்கள் மருத்துவப் பதிவறையில் வேலை பார்க்கும் அம்மாள் பறவைகளைப் பற்றி ஒரு வலைப்பூ வைத்திருக்கிறார். அவரிடம் எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டேன். அவர் எந்தப் பெயரும் சொல்லாமல், “எத்தனை பேர் எழுதுவீங்க? படிக்கிறவங்க உள்ள வந்து எழுதணுமா? வாராவாரம் இதைப் பழுது பாக்க உக்காருவீங்களா?” என்று கேட்டார். ஒருத்திதான், வேண்டாம், முடியாது என்றேன். “அப்ப உங்களுக்கு அந்த வண்டியே வேணாம்” என்றார். இப்போது நான் வீட்டுக் கணினியில் எழுதுகிறேன், ஒரு சிறு நிரல் அதை வெறும் பக்கங்களாக்கி மேலே ஏற்றுகிறது. தளத்தில் நுழைவுப் பக்கம் கிடையாது, கருத்துப் பெட்டி கிடையாது, செருகல் ஒன்றுகூடக் கிடையாது. ஏற்றும் கணக்குக்குக் கடவுச்சொல்லோடு போனில் வரும் எண்ணும் வேண்டும். பிரதி இரண்டு இடத்தில் இருக்கிறது. எனக்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதலிலேயே இந்த மூன்று கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய தளத்தின் முகவரி ஆல்-இன்-ஆலின் பெயரில் பதிவாகியுள்ளதால் என்னால் அதை மூட முடியவில்லை. இன்று காலை காவல் நிலையத்துக்கு வரும் வழியில், உள்ளே நுழையாமல் தேடுபொறி வழியாகப் பார்த்தபோதும் என் படமும் பொடியும் அப்படியே இருந்தன. அதை நிறுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். டிரைவர் அண்ணனுடைய மகளின் போனில் எடுத்த படங்கள் நான்கும் கடையில் எடுத்த படம் ஒன்றும் ஒப்படைத்துள்ளேன்.

ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்து எங்கள் பிரிவுக்குத் திரும்பி வந்தார். நான் ஊசித் தட்டுடன் அருகில் போனதும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, “வேற சிஸ்டரை வரச் சொல்லும்மா” என்று மகளிடம் சொன்னார். நான் எழுதவில்லை என்று அவருக்கு மகள் விளக்கியிருக்கிறார். தெரியும் என்று தலையாட்டினார். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசிப் பத்தி வழக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று வாக்குமூலத்தை எழுதிய காவலர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, இதில் பொய் எதுவும் இல்லை.

(கையொப்பம்)