சுவிட்ச் பெட்டி மேல் துண்டு

மதியம் சாப்பிட்டதும் படுத்துத் தூங்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, ரேணுகா மேடம். நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்கும் இருக்காது. நிதானமாகவே பேசலாம்.

இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனி வழக்குகள் நடத்துகிறேன். ஒன்றில்கூடத் தோற்றதில்லை. தீர்ப்பு வாசிக்கும்போது உள்ளங்கால் குறுகுறுவென்று வரும் பாருங்கள், அதற்காகவே கறுப்புக் கோட்டு மாட்டுகிறேன். மரக்காணம் உப்பளக் குத்தகை வழக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர்க் கம்பெனி மூன்று வருஷமாக உப்பே எடுக்கவில்லை, அதனால் அறுநூறு ஏக்கரும் என் கட்சிக்காரருக்கு என்பது வாதம். பொய்தான். ஆனால் என்ன அழகான பொய்.

அவர்களுக்கு இருந்தது ஒரே சாட்சி, அளத்தில் வேலை செய்யும் சுப்ராயன். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரே ஓடவில்லையே என்று மடக்கினேன். கூண்டில் நின்று சிரித்தார்.

"தெனம் ஓடுச்சு சார். பழைய மோட்டாரு, தண்ணியில கரண்டு கசியும். அதனால குழியில எறங்குனா சுவிட்ச் பொட்டி மேல துண்ட கட்டிட்டுத்தான் எறங்குவோம். துண்டு இருந்தா எவனும் சுவிட்ச தொடமாட்டான். மூணு வருசத்துல நாலு துண்டு நைஞ்சு போச்சு, எங்க வூட்ல கேளுங்க."

நீதிபதியே சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. தோற்கப்போகிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மீதிக் குறுக்கு விசாரணையை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

புதன்கிழமை மதியம் அளத்துக்குப் போனேன். ஆட்கள் காலையிலேயே உப்பு வாரிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். சுப்ராயன் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, குழாய் வாயில் அடைத்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். நாளைக்கு கோர்ட்ல கொஞ்சம் மெதுவா கேளுங்க, பயமா இருக்குது" என்றார்.

"கேட்கவே மாட்டேன், கவலைப்படாதீங்க" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

துண்டின் முடிச்சை அவிழ்த்தேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பும்போது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினேன், மேடம், இந்த ஐம்பத்து நாலு வயசில். பொம்மையார்பாளையம் வரைக்கும் காரில் ஒரே பாட்டு. மறுநாள், குறுக்கு விசாரணை முடியாத சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று வாதாடினேன். அடுத்த மாதம் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. உள்ளங்கால் அன்றைக்கு நிற்கவே விடவில்லை.

அவர் மனைவி தனக்கோடி அந்தத் துண்டை உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தாராமே. என் வூட்டுக்காரருக்குக் கட்டத்தான் தெரியும், இதை மடிச்சு வச்சது யார் என்று கேட்டாராமே. நல்ல கேள்வி. என்னைவிட நன்றாகக் குறுக்கு விசாரணை செய்கிறார். அளத்து ஆள் எவனும் அந்தத் துண்டைத் தொடமாட்டான். வெளியாட்களில் அதன் அர்த்தம் தெரிந்து அன்றைக்கு அங்கே போனவன் நான் ஒருவன்தான். அந்த அர்த்தத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்துக் கோர்ட்டில் பதிவு செய்ததும் நானேதான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். நாலாக மடித்து, உலர்ந்த இடமாகப் பார்த்து வைத்ததும் நான்தான். அந்தம்மாவிடம் போய்ச் சேரவேண்டிய துண்டு, நனையக் கூடாதில்லையா. இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.