ஈரம் காயும்வரை

வெள்ளி நிறம் வேண்டுமென்றால் முதலில் கறுப்பு அடிக்க வேண்டும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. விமான மாதிரிகளுக்கு லாக்கர் பெயிண்டில் உலோக நிறம் ஏற்றுகிறவர்களுக்கு இது பாலபாடம். பளபளவென்று கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் அதன்மேல் அலுமினிய நிறத்தை மெல்லிசாக, நாலைந்து பூச்சாக ஸ்ப்ரேயால் ஊத வேண்டும். அடியில் ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் ஒரு தூசி விழுந்தால் போச்சு, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நீங்கள் தூசியைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியும் இன்ஸ்பெக்டர் சார். என் மச்சினன் செத்தது விபத்து என்று நீங்களே முடித்துவிட்டீர்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, வந்துவிட்டேன். தூசியை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது.

அவன் என் மனைவியின் தம்பி. எங்களோடு வந்து சேர்ந்தபோதே இந்த வேலை அவனுக்குக் கைவந்திருந்தது. நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் அது பொய். பின்னறையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். ஒட்டுவதும் தேய்ப்பதும் கறுப்பு அடிப்பதும் நான், உலோக நிறம் அவன். யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, தானாக அப்படி ஆயிற்று. வாடிக்கையாளர்கள் என் முகத்தைப் பார்த்தே, "தம்பி இல்லீங்களா?" என்பார்கள். என் மனைவி அவனைப் பெறாத குறையாக வளர்த்தவள், கேட்கவே வேண்டாம், தலையில் தூக்கி வைத்து ஆடுவாள். எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பையன். சாப்பிட உட்கார்ந்தால் எனக்குப் பரிமாறியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான்.

வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் சாவதற்கு முந்தின நாள் விமானக் கம்பெனிக்காரர் வந்திருந்தார். அவர்கள் அலுவலக வாசலில் வைக்கிற பெரிய மாதிரி அது, கறுப்பு வரை நான் முடித்து வைத்திருந்தேன். இவன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், பூனை பிறாண்டின மாதிரி இருக்கு? கண்ணாடி மாத்தணும்போல" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். வந்தவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவனே கீறலைத் தேய்த்து எடுத்து, கறுப்பையும் அவனே அடித்து முடித்தான். "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. முகமூடி இல்லாமல் லாக்கர் பெயிண்ட் பக்கம் போகமாட்டான். அதன் வடிகட்டி பழசாகியிருந்தது. புதியது என் டிராயரில் இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன் என்று முன்பு உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவன் கேட்டான், இன்னும் வரவில்லை என்றேன். ஒரு நாள் தலைவலியோடு படுக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அந்தப் பின்னறையில் நெடியை வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஸ்விட்ச் வெளியே, நடையில் இருக்கிறது. பெயிண்டைக் கரைக்கிற தின்னர் ஆவியில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்று நான்தான் அங்கே வைத்தேன். ஃபேன் ஓடினால் கதவிடுக்கு வழியாகத் தூசியை உள்ளே இழுக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒரு பூச்சு அடித்ததும் உள்ளே இருப்பவன் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவான், வெளியே இருப்பவன் ஃபேனை நிறுத்துவான். இரண்டு தட்டினால் மறுபடி போடுவான். ஃபேன் ஓடத் தொடங்கியதும் அடுத்த பூச்சு.

மறுநாள் மத்தியானம், கறுப்பு காய்ந்ததும், அவன் உலோக நிறம் அடிக்க உள்ளே போனான்; என் மனைவி கடைக்குப் போயிருந்தாள். சுவரில் ஒரு தட்டுக் கேட்டது. நிறுத்தினேன். தூசி போகாமலிருக்கக் கதவடியில் ஈரத்துணியைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு. அவசரக்காரன், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடி இரண்டு. பிறகு தின்னர் டப்பா உருண்ட சத்தம். நெடி துணியையும் மீறி நடைக்கு வந்தது. அடுத்த தட்டல் சுவரில் கீழேயிருந்து வந்தது, என் முழங்கால் உயரத்திலிருந்து. அதைக் கவனித்தேன்.

அவனே வெளியே வந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நடுவில் கதவைத் திறந்தால் கிளம்புகிற தூசி அடுத்த பூச்சில் வந்து உட்காரும். எங்களைப் போன்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களே தவிர, கதவைத் திறக்கமாட்டார்கள். என்மேல் நம்பிக்கை வேறு. கடைசியில் திறக்கத்தான் வந்தான். கைப்பிடி திரும்பியது. நான் வெளியிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், தொறங்க."

"பொறு மாப்பிள்ளை, ஈரமா இருக்கு."

இன்னொரு தடவை கூப்பிட்டான். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. கைப்பிடி தளர்ந்த பிறகும் நான் விடவில்லை. இப்போது அந்தக் கையால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட முடியவில்லை சார். அருவருப்பாக இருக்கிறது.

ஈரம் என்றேன் அல்லவா? பூச்சு காய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் எங்கள் வழக்கத்தில் இரண்டு தட்டு. முதல் தடவை இரண்டு தட்டியபோதே காய்ந்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனைக் கொன்றது நான்.

ஆஸ்பத்திரியில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவன் உங்களைக் கூப்பிட்டானாங்க?" என்று கேட்டாள். இல்லை, சத்தமே இல்லை, மயங்கினபடியே போயிருப்பான் என்றேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் நடமாடுகிறாள். வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்கிறாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் கூப்பிட்டான் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் தாங்கமாட்டாள் என்றுதான் கேட்கிறேன். எனக்காக இல்லை.